அர்த்தனாரிக் கவுண்டரின் காலடித் தக்கை

ஊத்துப்பட்டி ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி தினமும் விடிந்ததும் வீட்டு நடுக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். வாசல் வழியாக எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தார், மனுஷன் என்னமாய் உருகிச் சாமி கும்பிடுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் அந்த நேரத்தில் அவர் சாமிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த இடது கால், காலையில் தரையில் வைக்கும் முதல் அடியில், குதிகாலுக்குள் ஆணியை இறக்கிய மாதிரி வலிக்கும். பத்து எட்டு வைத்தால் கொஞ்சம் குறையும். மலை ஏறி இறங்கினால் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மற்ற ஊராக இருந்தால் நல்ல செருப்பாகப் பார்த்து ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஊத்துப்பட்டியில் அது முடியாது. கொல்லிமலைக்கு ரோடு வராத காலம் அது. திண்ணனூர் நாட்டில் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்த ஊர்களில் ஊத்துப்பட்டியும் ஒன்று. அந்த ஊர் மண் எல்லையம்மனின் மடி. மடியில் செருப்புக்காலோடு எவனாவது ஏறுவானா? ஆகவே எல்லைக்கல்லைத் தாண்டினால் யாராயிருந்தாலும் வெறுங்கால்தான். மிளகு வாங்க வரும் கீழ்நாட்டு வியாபாரியும் சரி, வெள்ளைக்காரச் சர்க்கார் அனுப்பும் பாரஸ்ட்டு ரேஞ்சரும் சரி, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் வரவேண்டும். ரேஞ்சர் தன் பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க ஊரே கூடும். மலையில் வேறு என்ன வேடிக்கை இருக்கிறது.

இந்த விஷயத்தில் எல்லையம்மனைவிட அர்த்தனாரி கறார். போன பனிக்காலத்தில், காலெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்த அத்தாயி பாக்குமட்டையைக் காலுக்கடியில் வைத்துக் கட்டிக்கொண்டு சாமைக் காட்டுக்குப் போனாள். புருஷன் இல்லாதவள், வாய் மட்டும் நிறைய உள்ளவள். அவளை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி, "காலுக்கும் மண்ணுக்கும் நடுவுல எது வந்தாலும் அது செருப்புத்தான்" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு சேவலை அபராதமாக வாங்கினார். அத்தாயி திட்டிய திட்டில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தன.

இப்போது தன் காலுக்கே வந்துவிட்டது. வலி போகட்டும், பல்லைக் கடித்துக்கொள்ளலாம். வைகாசியில் எல்லை சுற்று வருகிறதே, அதுதான் அவருக்குப் பெரிய கவலை. விதைப்புக்கு முன்னால் ஊர்க்கவுண்டர் எல்லையம்மனின் பெட்டியைத் தலையில் சுமந்து, ஊர் எல்லையை ஒரு சுற்று வரவேண்டும். மேடு, பள்ளம், பாறை, ஓடை எல்லாம் சேர்ந்தால் அரைநாள் நடை. நடுவில் பெட்டியை இறக்கினாலோ தடுமாறி விழுந்தாலோ ஊர்க்கவுண்டர் பட்டம் பங்காளி வீட்டுக்குப் போய்விடும். பங்காளி என்றால் சித்தப்பன் மகன் மாணிக்கம். அவன் கொஞ்ச நாளாகவே அர்த்தனாரியின் நடையை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று அவன் கேட்கிற அக்கறையில் தேன் சொட்டியது.

கடைசியில் பொண்டாட்டி பாவாயிதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, கம்பத்தைக் கட்டிப் புடிச்சது போதும். கம்பமே ஆட்டங் கண்டுபோச்சு. சேந்தமங்கலத்துல பட்டாளத்து டாக்டர் இருக்காராமா. காலுக்குன்னே பாக்கறவராமா. போலாம் வாங்க."

"ஊர்ல என்னன்னு சொல்றது?"

"மொளகு விக்கப் போறோம்னு சொல்லுங்க. ஒரு மூட்டையத் தூக்கி என் தலையில வைங்க."

பட்டாளத்து டாக்டரின் பெயர் அருணாசலம். பெரிய யுத்தத்தில் பாக்தாத் பக்கம் போய், சிப்பாய்களின் காலைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். துப்பாக்கி இல்லாத சிப்பாயை வைத்துக்கூடச் சமாளித்துவிடலாம், கால் போன சிப்பாயைத் தூக்க இன்னும் இரண்டு சிப்பாய் வேண்டும் என்பது அவர் கட்சி. வந்தவர்களின் முகத்தை அவர் கடைசியில்தான் பார்ப்பார்.

அர்த்தனாரி பெஞ்சில் உட்கார்ந்து, நாடி பார்க்கக் கையை நீட்டினார்.

"கையை உள்ள வெச்சுக்குங்க. கையா வலிக்குது?" என்றார் டாக்டர். "அந்தச் சுவர் வரைக்கும் நடந்து போயிட்டுத் திரும்பி வாங்க."

அர்த்தனாரி நெஞ்சை நிமிர்த்தி, மீசையைத் தடவி, ஊர்க்கூட்டத்துக்கு வருகிற நடையில் நடந்தார்.

"கவுண்டர் மாதிரி வேண்டாம். மனுஷன் மாதிரி நடங்க."

மனுஷன் மாதிரி நடந்ததும் நொண்டல் தெரிந்துவிட்டது. பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் அவரைப் பின்னால் இருந்து பார்த்தார், முட்டியை மடக்கச் சொல்லிப் பார்த்தார், பெஞ்சில் படுக்க வைத்து இரண்டு காலையும் நாடாவால் அளந்தார். பிறகு விளக்குக் கரி பூசிய காகிதத்தைத் தரையில் விரித்து அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். வலது கால் பதிந்த இடத்தில் நடுவே ஒரு வளைவு விட்டுப்போயிருந்தது. இடது காலில் வளைவும் இல்லை, கிளைவும் இல்லை. களியைத் தட்டி வைத்த மாதிரி முழுசாகப் பதிந்திருந்தது.

"உள்ளங்கால் வளைவு விழுந்துபோச்சு. போதாததுக்கு இடது கால் அரை விரக்கடை குட்டை."

அர்த்தனாரிக்குச் சுருக்கென்றது. "எங்க வம்சத்துல குட்டைக்காலு கெடையாதுங்க."

"வம்சத்தைக் கூட்டிட்டு வாங்க. அளந்து பாத்துடலாம்."

சொல்லிக்கொண்டே டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து, அவருடைய இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அர்த்தனாரி பதறிப்போனார். மலையில் ஒருவர் காலை இன்னொருவர் தொட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பழக்க தோஷத்தில் அவர் கை தானாக உயர்ந்து டாக்டரின் நரைத்த தலைமேல் போய் உட்கார்ந்தது.

"நல்லா இருங்க சாமி. புள்ளகுட்டியோட நல்லா இருங்க."

"பொண்ணே குடுக்கலை, புள்ளகுட்டிக்கு எங்க போறது?" என்று சொல்லிவிட்டு டாக்டர் குதிகாலில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். அர்த்தனாரி போட்ட கூச்சலில் ஆசீர்வாதம் அத்தனையும் கலைந்தது.

மாவு தோய்த்த ஈரத் துணியைக் காலில் சுற்றி, அது இறுகிய பிறகு கழற்றி, காலின் அச்சை எடுத்துக்கொண்டார் டாக்டர். "ரெண்டு சந்தை கழிச்சு வாங்க" என்றார். இரண்டு சந்தை கழித்து இன்னொரு மிளகு மூட்டையோடு இறங்கிப் போனார்கள். மேலே தோல், உள்ளே தக்கை, வளைவைத் தாங்க நடுவில் ஒரு மேடு, குதிகாலுக்கு ஒரு குழி, குட்டைக்காலை உயர்த்த அடியில் ஒரு கனம் என்று பாதத்தின் அளவுக்கு ஒரு சாமான் தயாராக இருந்தது. அர்த்தனாரி அதன்மேல் இடது காலை வைத்து எழுந்து நின்றார்.

குதிகாலில் ஆணி இல்லை. மறுபடி உட்கார்ந்து எழுந்து பார்த்தார், அப்போதும் இல்லை. பெரிய மனுஷன் என்பதையெல்லாம் மறந்து அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"இது உங்க காலுக்குன்னு அச்செடுத்துச் செஞ்சது. வேற யாரு வெச்சாலும் குத்தும், இரவல் குடுத்துடாதீங்க. செருப்புக்குள்ள போட்டுக்கிட்டு நடங்க" என்றார் டாக்டர்.

"செருப்பு மட்டும் முடியாதுங்க சாமி."

"செருப்பில்லாம இதை எங்க வைப்பீங்க? மடியிலயா?"

பாவாயி குறுக்கே வந்தாள். "துணி சுத்திக் கட்டிக்கலாமுங்க. மேல மஞ்சளத் தடவிட்டா புண்ணுக் கட்டுன்னு நெனச்சுக்குவாங்க."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாக்தாத்திலேயே இருந்திருக்கலாம் என்றார்.

எல்லை சுற்று நாளன்று தலையில் சாமிப் பெட்டி, இடது காலில் மஞ்சள் கட்டு, வலது காலில் ஒன்றுமில்லை என்று அர்த்தனாரி கிளம்பினார். முன்னால் ராசு தப்பட்டை அடித்துக்கொண்டு போனான். "கல்லு குத்திருச்சு" என்று பாவாயி முந்தின நாளே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். புண்பட்ட காலோடு கவுண்டர் எப்படி நடக்கிறார் பார் என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். மாணிக்கம் மட்டும் அவருடைய முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான்.

முக்கால் சுற்று நன்றாகவே போயிற்று. எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், பாறை விளிம்பு ஒன்றில் உரசித் துணி கிழிந்தது.

"அண்ணே, நில்லுங்க. கட்டுக்குள்ள இருந்து என்னமோ எட்டிப் பாக்குதுங்களே" என்றான் மாணிக்கம்.

அர்த்தனாரி நின்றார். தலையில் பெட்டி, குனிய முடியாது, ஓட முடியாது. மாணிக்கம் கட்டை அவிழ்க்கச் சொன்னான். பாவாயி குனிந்து, எத்தனை மெதுவாக அவிழ்க்க முடியுமோ அத்தனை மெதுவாக அவிழ்த்தாள். எவ்வளவு மெதுவாக அவிழ்த்தாலும் துணிக்கு ஒரு முடிவு உண்டு. தக்கை கீழே விழுந்தது.

"தோலு! செருப்பு!" மாணிக்கத்தின் குரலில் கல்யாணக் களை கட்டியது. "ஆத்தா பெட்டியச் செருப்புக் காலோட சொமந்திருக்காரு. காலுக்கும் மண்ணுக்கும் நடுவுல எது வந்தாலும் செருப்புன்னு யாருங்க சொன்னது? நானா சொன்னேன்?"

யாரும் பதில் சொல்வதற்குள், அத்தாயி தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டாள். வருஷா வருஷம் எல்லைக்கல் பக்கத்தில் அவள்மேல்தான் எல்லையம்மன் இறங்குவாள். இறங்கிவிட்டால் கவுண்டரும் கிடையாது, கலெக்டரும் கிடையாது, எல்லோரும் 'டேய்'தான். மற்ற நாளில் அத்தாயிக்கு யார்மேல் கோபமோ அன்றைக்கு ஆத்தாளுக்கும் அவர்கள்மேலேயே கோபம் வருவதை ஊர் கவனித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை.

"டேய் அர்த்தனாரி! வருசமெல்லாம் கல்லு மேல வெறுங்காலோட நிக்கறவ நானு. எனக்கு இல்லாத சொகம் உனக்கு என்னடா? குடுறா அதை! பாவாயி, எடுத்து என்ற காலுல கட்டுடி!"

ஆத்தா சொன்னால் மறுப்பு உண்டா. பாவாயி தக்கையை அத்தாயியின் காலில் வைத்துக் கட்டினாள். அர்த்தனாரியின் பெரிய பாதத்துக்குச் செய்த மேடு, அத்தாயியின் சின்னக் காலில் வளைவுக்கு வராமல் விரல் பக்கம் போய் நின்றது. குழிக்குள் உட்கார வேண்டிய குதிகால் குழியின் விளிம்பில் ஏறிக்கொண்டது. அது தெரியாமல் ஆத்தா ஓங்கி ஓர் அடி வைத்து, இன்னோர் அடியும் வைத்தாள்.

"ஐயோ!"

கூட்டம் விக்கித்துப்போனது. பூக்குழி இறங்கும்போதுகூட முகம் சுளிக்காதவள் எல்லையம்மன். அவள் ஒற்றைக் காலில் குதித்து, கட்டைப் பிய்த்து, தக்கையைத் தூக்கி எறிந்தாள்.

"இது சொகமாடா? இது முள்ளுடா பாவி! இத்தனை முள்ளக் காலுல கட்டிக்கிட்டாடா என்ற பெட்டியச் சொமந்தே?"

சொல்லிவிட்டுச் சாமி மலையேறிவிட்டது. அத்தாயி மயங்கி உட்கார்ந்தாள். தப்பட்டைக்கார ராசு வாயைப் பிளந்து நின்றவன், திடீரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அட, இது செருப்பில்லீங்க! கவுண்டரு வேண்டுதல் வெச்சிருக்காரு! ஆத்தாளே தாங்காத வலிய ஊருக்காகத் தாங்கிட்டு வாராருங்க!"

மாணிக்கம் நம்பவில்லை. எதையும் தானே பார்த்தால்தான் அவன் நம்புவான். தக்கையை எடுத்துத் தன் இடது காலுக்கடியில் வைத்து, முழு பாரத்தையும் போட்டு அழுத்தினான். அவன் காலில் வளைவு ஒழுங்காக இருந்தது, கால் குட்டையும் இல்லை. மேடு கத்தி மாதிரி ஏறியது. இடுப்பு ஒரு பக்கம் வெட்டி இழுத்தது. அவன் போட்ட கூச்சல் ஆத்தாளின் கூச்சலைவிட ஒரு படி மேலே இருந்தது.

அவ்வளவுதான். பெண்கள் அழுதார்கள். ஆத்தாளே காலில் கட்டிக்கொண்ட பிறகு தோலில் என்ன தீட்டு என்று பெரியவர்கள் சொன்னார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் செருப்பு என்று நினைத்தவர்களே தக்கையைக் கண்ணில் ஒற்றி அவர் காலில் கட்டிவிட்டார்கள். அர்த்தனாரி எல்லைக்கல்லை நோக்கி நடந்தார். இத்தனை நாளும் வலிக்கிற காலோடு வலிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தவர், இப்போது வலிக்காத காலோடு வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவதுதான் ரொம்பக் கஷ்டம். ஆனாலும் பெட்டி சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. பட்டமும் இருந்த வீட்டிலேயே இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அத்தாயி நொண்டிக்கொண்டே அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். சாமி வந்து என்ன பேசியது என்பது அவளுக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். விரலடியில் மட்டும் கன்றிப்போயிருந்தது. வந்தவள் பேசாமல் அவர் காலில் விழுந்தாள்.

"உங்களை எத்தனை நாறப் பேச்சுப் பேசியிருப்பேனுங்க. வாயில புழு வெக்கோணும் எனக்கு. ரெண்டு எட்டு என்னால முடியலீங்க. நீங்க ஊருக்காக அதைக் கட்டிக்கிட்டு மலையச் சுத்துனீங்களே."

அவள் அவருடைய இடது காலை இரண்டு கையாலும் பிடித்து, வலி போகட்டும் என்று நீவிவிட்டாள். அர்த்தனாரியின் கண் அவளுடைய மடங்கிய பாதங்களில் போய் நின்றது. வெடிப்புகளில் ஊர் மண் முழுக்க அடைந்து, நடுவே செந்நிறமாகக் கசிந்துகொண்டிருந்தது. அவருக்குக் கூசியது. இதுவரை எத்தனையோ பேரைத் தண்டித்தபோது வராத வெட்கம், ஒருத்தி கும்பிட்டதும் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால் நாளைக் காலையில் மாணிக்கம் ஊர்க்கவுண்டர். வாயை மூடிக்கொண்டார்.

பாவாயி சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றாமலே உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவரே ஊர்க்கூட்டத்தைக் கூட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"சாமி வந்தது சாமியோட போச்சு. ஆனா ஊர்க்கவுண்டன் வேண்டுதல் வெச்ச சாமானத் தூக்கி எறிஞ்சது அத்தாயி கை. அதுக்குத் தண்டனை உண்டு. சேவலு கோழியெல்லாம் பத்தாது. என்ற மாதிரி அவளும் வேண்டுதல் சொமக்கோணும். ரெண்டு காலுலயும்."

அத்தாயிக்கு முகம் வெளிறியது. "சாமி, வேண்டாமுங்க! ஆட்டக் கேளுங்க, மாட்டக் கேளுங்க, குடுத்தர்றேன். அது மட்டும் வேண்டாமுங்க!"

"சரியான தீர்ப்பு" என்றான் மாணிக்கம், இன்னும் நொண்டிக்கொண்டே.

அழுதுகொண்டே வந்த அத்தாயியைப் பாவாயிதான் இழுத்துக்கொண்டு மலை இறங்கினாள். அர்த்தனாரி பின்னால் வந்தார். டாக்டர் அத்தாயியை நடக்கவிட்டுப் பார்த்தார், கரிக் காகிதத்தில் நிறுத்தினார், இரண்டு காலையும் வெந்நீரில் கழுவி ஒவ்வொன்றாக மடியில் எடுத்துவைத்து ஒவ்வொரு எலும்பாக அழுத்தினார்.

"இங்க வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

"இங்க?"

"அங்கயும் வலிக்குதுங்க."

"எத்தனை நாளா?"

அத்தாயிக்குக் கேள்வியே புரியவில்லை. "காலுன்னா வலிக்கத்தானுங்க செய்யும்? உங்க பக்கத்துல வலிக்காதுங்களா?"

டாக்டர் கொஞ்ச நேரம் அந்தக் காலைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அர்த்தனாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் வெடிப்புக்குப் பூச ஒரு டப்பா களிம்பு கொடுத்து, இரண்டு காலுக்கும் அச்செடுத்து, இரண்டு சந்தை கழித்து வரச்சொன்னார்.

தண்டனையைப் பார்க்க ஊர் முழுக்க எல்லைக்கல்லுக்கு வந்துவிட்டது. புதுத் தக்கை இரண்டையும் பாவாயி அத்தாயியின் காலில் வைத்துக் கட்டினாள். அத்தாயி கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்து, குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு முதல் அடியை வைத்தாள்.

கண்ணைத் திறந்தாள்.

இரண்டாவது அடி வைத்தாள். மூன்றாவது அடியை மெதுவாக, ருசி பார்க்கிற மாதிரி வைத்தாள். அப்படியே நின்று தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அர்த்தனாரியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் வாய்க்கு ஊரில் ஈடு கிடையாது. அந்த வாயில் இப்போது ஊர்க்கவுண்டர் பட்டம் உட்கார்ந்திருந்தது. அர்த்தனாரி பக்கத்திலிருந்த பலாமரத்தில் எத்தனை காய் என்று அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்ன அத்தாயி? வலிக்குதா?" என்று ஆசையாகக் கேட்டான் மாணிக்கம்.

அத்தாயி அவனை ஒரு தடவை பார்த்தாள், அர்த்தனாரியை ஒரு தடவை பார்த்தாள்.

"ஐயோ!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். "உசுரு போகுதே சாமி! இவன் கவுண்டனா, எமனா! பொம்பளைக்குக் குடுக்கற தண்டனையாடா இது!"

அலறிக்கொண்டே தன் சாமைக் காட்டைப் பார்த்து மேட்டில் ஏறினாள். வாய் ஒப்பாரி வைத்தது; கால் கிட்டத்தட்ட ஓடியது. அவள் அவ்வளவு வேகமாக நடந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. வலி தாங்காமல் ஓடுகிறாள் பாவம் என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"அண்ணே, ஒரு வாரத்துக்காச்சும் கழட்டக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றான் மாணிக்கம்.

அர்த்தனாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேட்டின் உச்சிவரை கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"ஒரு வாரமென்ன? ஆயுசுக்கும் கழட்டக் கூடாது!"

மேட்டிலிருந்து வந்த ஒப்பாரி இன்னும் பலமாகக் கேட்டது.